மாந்துவா ஸோஹர்: அச்சேறிய மறைநூல்

மாந்துவா ஸோஹர் என்பது, யூத மறைஞான மரபான கப்பாலாவின் தலையாய நூலாகிய ஸோஹரின் முதல் அச்சுப் பதிப்பு ஆகும். இது வட இத்தாலியின் மாந்துவா நகரில் 1558 முதல் 1560 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில், அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிரெமோனா நகரில் இன்னொரு அச்சகம் போட்டிக்கு அதே நூலை அச்சிட்டது (1559–1560). 'ஸோஹர்' என்ற எபிரேயச் சொல்லுக்குப் பேரொளி என்று பொருள்.

அதுவரை ஸோஹர் கையெழுத்துப் படிகளாகவே இருந்தது. தல்மூதையும் சட்ட நூல்களையும் கற்றுத் தேர்ந்த, வயதில் முதிர்ந்த சிலர் மட்டுமே ஆசிரியர் துணையுடன் படிக்க வேண்டிய நூல் என்று அது கருதப்பட்டது. அப்படிப்பட்ட நூலைக் காசு கொடுப்பவர் எவரும் வாங்கிக்கொள்ளும் வகையில் அச்சிடலாமா என்ற கேள்வி இத்தாலிய யூத அறிஞர்களை இரு அணிகளாகப் பிரித்தது. அச்சிடக் கூடாது என்றவர்களில் கப்பாலாவை வெறுத்தவர்களைவிட அதைப் போற்றியவர்களே முன்னின்றனர். இந்தப் பதிப்பின் வரலாற்றில் கவனிக்கத்தக்க செய்தி இது.

நூலின் தோற்றம்

ஸோஹர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் காஸ்தில் பகுதியில் வெளியே தெரியவந்தது. அதைப் பகுதி பகுதியாகப் பரப்பியவர் மோசே தெ லெயோன் (சுமார் 1240–1305) என்னும் அறிஞர். தாம் அதை எழுதியதாக அவர் சொல்லவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமர் ஆட்சியின்கீழ் கலிலேயாவில் வாழ்ந்த ரபி ஷிமோன் பர் யோகாயும் அவருடைய சீடர்களும் பேசியவற்றின் பழம்பதிவு அது என்றே சொன்னார். ரபி ஷிமோன் உரோமருக்கு அஞ்சித் தம் மகன் எலெயாசருடன் பல ஆண்டுகள் குகையில் ஒளிந்திருந்தார் என்ற கதை தல்மூதில் உண்டு. குகையில் தவம்போல் இருந்த ஒருவர்மீது மறைநூல் ஒன்றை ஏற்றிச் சொல்வது இயல்பாகவே பொருந்தியது.

இதை அப்போதே ஐயுற்ற ஒருவர் இருந்தார். பாலஸ்தீனத்தின் ஆக்கோ நகரம் 1291இல் மம்லூக்குகளிடம் வீழ்ந்தபின் அங்கிருந்து வந்த இசாக் என்பவர், இந்த நூலின் மூலத்தைத் தேடி ஸ்பெயினுக்குச் சென்றார். வயதோலித் நகரில் மோசே தெ லெயோனைச் சந்தித்தார். பழஞ்சுவடி ஆவிலா ஊரிலுள்ள தம் வீட்டில் இருப்பதாகவும், வந்தால் காட்டுவதாகவும் மோசே ஆணையிட்டுச் சொன்னார். ஆனால் ஊர் திரும்பும் வழியில் அரெவாலோவில் அவர் இறந்துபோனார். பின்னர் ஆவிலாவுக்குச் சென்ற இசாக் கேள்விப்பட்ட செய்தி வேறாக இருந்தது. செல்வக் குடும்பம் ஒன்று, மோசேயின் மகளைத் தங்கள் மகனுக்கு மணமுடித்துக்கொள்வதாகவும் கைம்மாறாக அந்தச் சுவடியைத் தர வேண்டும் என்றும் அவருடைய மனைவியிடம் கேட்டிருக்கிறது. அப்படி ஒரு சுவடியே இல்லை, கணவர் எல்லாவற்றையும் தம் சிந்தையிலிருந்தே எழுதினார், தம் பெயரில் எழுதினால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்பதற்காகவே பழைய ரபியின் பெயரைப் போட்டார் என்று அந்த அம்மையார் சொன்னாராம். வறுமையில் இருந்த ஒரு விதவைக்கு இப்படிச் சொல்வதால் இழப்புதான் உண்டு, ஆதாயம் ஏதுமில்லை.

இசாக் இந்த விசாரணையை மேலும் தொடர்ந்தார். ஆனால் அவருடைய குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கும் வடிவில் பாதியிலேயே அறுந்துவிடுகிறது. அது ஆபிரகாம் சக்கூத்து எழுதிய 'செஃபெர் யூகாசின்' என்ற வரலாற்று நூலில் மேற்கோளாகக் காக்கப்பட்டது. அந்த நூலின் 1566ஆம் ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிள் பதிப்பில் இப்பகுதி இருக்கிறது. 1580ஆம் ஆண்டு கிராக்கோவ் பதிப்பில் இல்லை. இந்த இடைவெளியில் ஸோஹர் அச்சு நூலாகப் பரவி, ஐயத்துக்கு அப்பாற்பட்ட புனித நூல் என்ற நிலையை அடைந்துகொண்டிருந்தது.

நூலில் என்ன இருக்கிறது

ஸோஹரைத் தனி ஒரு நூல் என்பதைவிட நூல்களின் தொகை என்பதே சரி. இதன் பெரும்பகுதி அரமேய மொழியில் அமைந்தது. தோராவின் ஐந்து ஆகமங்களுக்கான விளக்கவுரை என்பது இதன் வெளிச்சட்டகம். ஆனால் உரை நூல்களில் வழக்கமாகக் காணும் வறட்சி இதில் இல்லை. ரபி ஷிமோனும் தோழர்களும் கலிலேயாவின் பாதைகளில் நடந்துகொண்டே பேசுகிறார்கள். வழியில் எதிர்ப்படும் கழுதை ஓட்டி ஒருவன் மாபெரும் ஞானியாக வெளிப்படுகிறான். சின்னஞ்சிறு பையன் பெரியவர்களை மடக்குகிறான். நள்ளிரவில் எழுந்து வேதம் ஓதுகிறார்கள். 'இத்ரா ரப்பா' எனப்படும் பேரவையின் முடிவில் தோழர்களில் மூவர் இறைக்காட்சியின் வேகம் தாங்காமல் உயிர் துறக்கிறார்கள். 'இத்ரா சூத்தா' எனப்படும் சிற்றவையில் ரபி ஷிமோனே பேசிக்கொண்டிருக்கும்போது மறைகிறார்.

இக்கதைகளின் உள்ளே இருக்கும் கோட்பாடு சுருக்கமாக இது: இறைவனின் உள்ளியல்பு 'ஏன் ஸோஃப்', அதாவது எல்லையற்றது. அது மனித அறிவுக்கு எட்டாதது. அதிலிருந்து பத்து 'ஸெஃபிரோத்'கள், அதாவது இறைமையின் பத்து வெளிப்பாட்டு நிலைகள், ஊற்றெடுக்கின்றன. அறிவு, அருள், கண்டிப்பு, அழகு எனச் செல்லும் இவற்றின் இறுதி நிலை 'ஷெகினா'. அது உலகோடு உறைந்திருக்கும் இறைமை. பெண்ணாக உருவகிக்கப்படுவது. மனிதர் செய்யும் நற்செயலும் வேண்டுதலும் இந்நிலைகளை ஒன்றோடொன்று இணைக்கின்றன. தீவினை பிரிக்கிறது. எனவே ஒரு விளக்கேற்றுவதோ ஓய்வுநாளைக் காப்பதோ வெறும் சடங்கு அன்று, இறைமைக்குள்ளேயே ஒரு மாற்றத்தை உண்டாக்கும் செயல்.

இந்தக் கருத்தைப் பக்குவமில்லாதவர் படித்தால் என்ன ஆகும் என்பதே அச்சை எதிர்த்தவர்களின் அச்சம். இறைமையில் பத்து நிலைகள் என்பதைப் பத்துத் தெய்வங்கள் என்று எளிதாகப் புரிந்துகொள்ளலாம். ஆண், பெண் உருவகங்களை உள்ளபடியே எடுத்துக்கொள்ளலாம். ஒரே இறைவன் என்பதை உயிராகக் கொண்ட சமயத்துக்கு இது சிறிய ஆபத்தன்று.

எரிந்த தல்மூத்

ஸோஹர் ஏன் குறிப்பாக 1558இல் அச்சேறியது என்பதை அறிய ஐந்து ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். எபிரேய அச்சின் தலைநகரமாக வெனிஸ் விளங்கிய காலம் அது. தல்மூத் முழுவதும் முதன்முதலாக அங்குதான் தானியேல் பாம்பெர்க் என்ற கிறித்தவ அச்சகத்தாரால் 1520–1523 ஆண்டுகளில் அச்சிடப்பட்டது. 1550இல் வெனிஸின் இரண்டு கிறித்தவ அச்சகங்கள் மைமோனிடீஸின் சட்டத்தொகுப்பைப் போட்டி போட்டு வெளியிட்டன. அந்தத் தொழிற்சண்டை உரோமாபுரி வரை சென்றது. எபிரேய நூல்களில் கிறித்தவத்துக்கு எதிரான செய்திகள் இருப்பதாக ஒருவர் நூலை மற்றவர் குறைகூறப் போய், விசாரணை தல்மூதின் பக்கம் திரும்பியது. 1553 செப்டம்பர் 9ஆம் நாள், யூதப் புத்தாண்டு தினத்தில், உரோமின் காம்போ தெ ஃபியோரி சதுக்கத்தில் தல்மூத் படிகள் குவிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. இத்தாலியின் மற்ற நகரங்களிலும் இது தொடர்ந்தது. வெனிஸில் எபிரேய அச்சு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நின்றுபோனது.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டாயின. வேலையிழந்த எழுத்துருக்களும் அச்சுத் தொழிலாளர்களும் மாந்துவா, கிரெமோனா, ஃபெராரா, சாபியொனெத்தா போன்ற சிறு நகரங்களுக்கு இடம்பெயர்ந்தனர். மற்றொன்று, யூதக் கல்வியின் நடுத்தூணாக இருந்த தல்மூத் கையில் இல்லாமல் போனது. கற்பதற்கு வேறு நூல்கள் தேவைப்பட்டன. கப்பாலா நூல்களைத் திருச்சபை அப்போது அதே கண்ணோடு பார்க்கவில்லை. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் பீக்கோ தெல்லா மிராந்தோலா தொடங்கி, யொஹான்னஸ் ராய்க்லின் வழியாக, கிறித்தவ அறிஞர் சிலர் கப்பாலாவில் கிறித்தவ உண்மைகளின் சாயல் இருப்பதாக நம்பிவந்தனர். பிரெஞ்சு அறிஞர் கியோம் போஸ்தெல், ஸோஹர் அச்சேறும் முன்பே அதன் ஒரு பகுதியை இலத்தீனில் மொழிபெயர்த்திருந்தார். ஆக, சட்ட நூலை எரித்த கைகளே மறைஞான நூலை விட்டுவைக்கும் விந்தையான நிலை ஏற்பட்டது.

இவற்றோடு 1492ஆம் ஆண்டு ஸ்பெயினிலிருந்து யூதர் துரத்தப்பட்ட துயரும் சேர்ந்தது. அகதிகளாக இத்தாலிக்கும் துருக்கிக்கும் வந்தவர்கள் தங்கள் மறைஞானச் சுவடிகளையும் கொண்டுவந்தனர். இத்தனை துன்பமும் மீட்பர் வருகைக்கு முந்தைய வேதனை என்ற எண்ணம் அவர்களிடையே வலுவாக இருந்தது.

அச்சிடலாமா என்ற வழக்கு

1554இல் ஃபெராராவில் கூடிய ரபிகள், மூன்று ரபிகளின் ஒப்புதல் இல்லாமல் புதிய எபிரேய நூல் எதையும் அச்சிடக் கூடாது என்று விதித்திருந்தனர். மீண்டும் ஒரு தீ மூளாமல் இருக்கச் செய்த முன்னெச்சரிக்கை அது. மாந்துவா அச்சகத்தார் முதலில் ஸோஹர் குடும்பத்தைச் சேர்ந்த 'திக்குனே ஸோஹர்' என்ற நூலை அச்சிட்டு 1558இல் முடித்தனர். அடுத்து முதன்மை நூலே அச்சாகப் போகிறது என்ற செய்தி பரவியதும் எதிர்ப்பு எழுந்தது.

எதிர்ப்பாளர்களில் குறிப்பிடத்தக்கவர் ரெகனாத்தி ஊரைச் சேர்ந்த யாக்கோபு இஸ்ரவேல் ஃபின்சி. இவர் கப்பாலாவில் ஊறியவர். மறைபொருள் என்பது ஆசிரியரின் வாயிலிருந்து தகுதியுள்ள மாணவரின் காதுக்குச் செல்ல வேண்டியது, அங்காடியில் விற்பதற்குரியது அன்று என்பது எதிர்ப்பாளர்களின் முதல் வாதம். வேற்றுச் சமயத்தார் கையில் இது மதமாற்றக் கருவியாகும் என்பது இரண்டாவது. தல்மூத் சாம்பலாகிக் கிடக்கும்போது மறைஞான நூல் பளபளப்பாக வெளிவந்தால், இளைஞர்கள் அடிப்படைச் சட்டக் கல்வியை விட்டுவிட்டு நேரே உச்சிக் கிளைக்குத் தாவுவார்கள் என்பது மூன்றாவது. மோசே பசோலா என்னும் முதிய ரபி தொடக்கத்தில் இம்முயற்சிக்கு ஆதரவு தந்து பின்னர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நேர்மையான ஒருவரால் இரு பக்கமும் நிற்க முடிந்த வழக்கு இது என்பதற்கு அவரே சான்று.

அச்சிடும் தரப்புக்குத் துணை நின்றவர் இசாக் தெ லாத்தெஸ். புரோவான்ஸ் வழிவந்த இந்த ரபி எழுதிய தீர்ப்புரை மாந்துவா பதிப்பின் தொடக்கத்திலேயே அச்சிடப்பட்டது. மறைஞானத்தை மறைத்துவைப்பது நன்மை தரவில்லை, மக்கள் அதை அறிவதே மீட்பை விரைவாக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். கடைசிக் காலத்தில் இந்நூல் உலகுக்கு வெளிப்படும் என்றும், அதன் பொருட்டே இஸ்ரவேலருக்கு விடுதலை கிட்டும் என்றும் ஸோஹர் மரபிலேயே ஒரு கருத்து உண்டு. நூல் தன்னைப்பற்றிச் சொன்ன வாக்கை அச்சு இயந்திரம் நிறைவேற்றுகிறது என்று ஆதரவாளர்கள் கண்டனர்.

வணிகக் கணக்கும் இருந்தது. கையெழுத்துப் படி ஒன்றை எழுதி வாங்கச் செல்வர்களால்தான் முடியும். முழு நூலும் ஒரே இடத்தில் கிடைப்பதும் அரிது. விற்கும் என்று தெரிந்த நூலை விட்டுவைக்க அச்சகத்தாருக்கு மனம் வருவதில்லை. வாதங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே தாள்கள் அச்சாகிக்கொண்டிருந்தன.

மாந்துவா பதிப்பின் அமைப்பு

பதிப்பை நடத்தியவர்கள் பதுவாவைச் சேர்ந்த மெயிர் பென் எப்ராயீமும் காட்சுவோலோவைச் சேர்ந்த யாக்கோபு பென் நப்தலி ஹ-கொஹேனும் ஆவர். பாடத்தைத் திருத்தி ஒழுங்குபடுத்தியவர் பெனவெந்தோவைச் சேர்ந்த இம்மானுவேல். இவர் பத்துக் கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டு, தமக்குச் சிறந்ததாகத் தோன்றிய பாடத்தைத் தேர்ந்தார். முதல் தொகுதி ஆதியாகமத்துக்கும், இரண்டாவது யாத்திராகமத்துக்கும், மூன்றாவது லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் ஆகிய மூன்றுக்கும் உரியவை. மூன்றிலும் சேர்த்து எண்ணூறுக்கும் மேற்பட்ட தாள்கள்.

எழுத்து 'ராஷி எழுத்து' எனப்படும் சாய்வான வட்ட வடிவம். ராஷி என்ற 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் இந்த எழுத்தில் எழுதியவர் அல்லர். 1475இல் இத்தாலியின் ரெஜ்ஜோ தி கலாப்ரியாவில் அவருடைய உரை இவ்வெழுத்தில் அச்சானதால் பெயர் ஒட்டிக்கொண்டது. வேதத்துக்கும் வழிபாட்டு நூலுக்கும் சதுர எழுத்து, உரைகளுக்கு ராஷி எழுத்து என்பது வழக்கம். ராஷி எழுத்தில் ஒரு பக்கத்தில் அதிகச் சொற்கள் அடங்கும். நூலின் அளவும் நடுத்தரமானது, கையில் வைத்துப் படிக்கத்தக்கது.

இம்மானுவேல் செய்த வேலையின் தன்மையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அவர் முன் இருந்த பத்துப் படிகளும் ஒரே நூலின் பத்துப் பிரதிகள் அல்ல. ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லை, வரிசையும் வேறு. அச்சு நூலில் உள்ள அனைத்தையும் அதே அமைப்பில் கொண்ட பழைய கையெழுத்துப் படி எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. எனவே 'ஸோஹர்' என்று இன்று நாம் அறியும், தொடக்கமும் முடிவும் உள்ள நூல் ஒரு வகையில் மாந்துவா அச்சகத்தில்தான் பிறந்தது என்று தானியேல் ஏப்ரம்ஸ் போன்ற தற்கால ஆய்வாளர்கள் கூறுகின்றனர். ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்களின் வரலாறு தெரிந்த தமிழ் வாசகருக்கு இது வியப்பளிக்காது.

கிரெமோனாவின் போட்டி

கிரெமோனா அப்போது ஸ்பானிய ஆட்சிக்கு உட்பட்ட மிலான் பகுதியில் இருந்தது. அங்கே அச்சகம் நடத்திய விஞ்சென்சோ கொந்தி ஒரு கிறித்தவர். அவருடைய பதிப்பில் பணியாற்றிய திருத்துநர்களில் ஒருவர் விட்டோரியோ எலியானோ. புகழ்பெற்ற எபிரேய இலக்கண அறிஞர் எலியா லெவிட்டாவின் பேரனான இவர், கிறித்தவத்துக்கு மாறியவர். கிரெமோனா பதிப்பு ஆறு கையெழுத்துப் படிகளைக் கொண்டு உருவானது. பெரிய அளவு, ஒரே தொகுதி, சதுர எழுத்து. தோற்றத்தில் மாந்துவா பதிப்பைவிடக் கம்பீரமானது. மாறிய யூதர் ஒருவரும் கிறித்தவ முதலாளியும் சேர்ந்து வெளியிட்ட மறைநூலை ரபிகளின் எதிர்ப்பு தடுத்து நிறுத்தியிருக்க வழியில்லை. ஒருவகையில் மாந்துவா ஆதரவாளர்களுக்கு இது வசதியாயிற்று. எப்படியும் நூல் வெளிவரத்தான் போகிறது என்ற நிலையில், மறைத்துவைக்கும் வாதத்தின் பிடி தளர்ந்தது.

நூல் அச்சாகிக்கொண்டிருந்த 1559ஆம் ஆண்டிலேயே கிரெமோனாவில் எபிரேய நூல்கள் பெருமளவில் எரிக்கப்பட்டன. எரிந்தவை பன்னிரண்டாயிரம் வரை இருக்கும் என்று கூறப்படுகிறது. தல்மூதைத் தேடி அழிக்கும் அந்தப் பணியில் பங்குகொண்டவர்களில் சியெனாவின் சிக்ஸ்துஸ் என்ற தொமினிக்கத் துறவியும் ஒருவர். இவரும் யூதராகப் பிறந்தவர் என்பது மரபு. ஸ்பானியப் படைவீரர்கள் ஸோஹர் படிகளையும் தீயிலிட முனைந்தபோது, சுமார் 2,000 பிரதிகளைத் தாம் காப்பாற்றியதாக அவரே பின்னர் எழுதியுள்ளார். கிறித்தவ நம்பிக்கைக்கு யூதர்களை இட்டுவர இந்நூல் உதவும் என்பது அவர் எண்ணம். ஃபின்சி போன்றோர் அஞ்சிய அதே காரணம்தான் நூலைத் தீயிலிருந்து காத்தது.

இரண்டு பதிப்புகளும் பிழை மலிந்தவை. இரண்டிலும் 'மித்ராஷ் ஹ-நெலாம்' என்ற பகுதி உண்டு, ஆனால் வெவ்வேறு இடங்களில். பாட வேறுபாடுகளும் பல. உருவ அளவை வைத்துக் கிரெமோனா பதிப்பை 'பெரிய ஸோஹர்' என்றும், மாந்துவா பதிப்பைச் 'சிறிய ஸோஹர்' என்றும் கப்பாலா அறிஞர்கள் அழைத்தனர். பெரியது லுப்ளினில் 1623இலும், சுல்ட்ஸ்பாக்கில் 1684இலும் மறுபதிப்புக் கண்டது. போலந்து, ஜெர்மனி பகுதிகளில் 1715 வாக்கிலும் அதையே மேற்கோள் காட்டினர். பிறகு சிறியதே வென்றது. அதன்பின் வந்த பதிப்புகள் அனைத்தும் மாந்துவாவின் வழிவந்தவை. விடுபட்ட பகுதிகளைத் திரட்டி 1597இல் சலோனிக்காவில் வெளிவந்த தொகுப்புக்கு 'ஸோஹர் ஹதாஷ்', புதிய ஸோஹர், என்று பெயர்.

அச்சு திறந்துவிட்ட ஐயங்கள்

அச்சிட்டால் எவரும் படிப்பார்கள் என்று எதிர்ப்பாளர்கள் சொன்னது உண்மையாயிற்று. ஆனால் படித்தவர்களில் ஐயுற்றவர்களும் இருந்தனர். கையெழுத்துப் படி வைத்திருந்த அடியாருக்கு நூலை முழுவதுமாக ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. அச்சு நூல் அந்த வாய்ப்பை எல்லோருக்கும் தந்தது. வெனிஸ் ரபி லெயோன் மோதெனா 1639இல் எழுதிய 'அரி நோகெம்' என்ற நூலில் ஸோஹரின் பழமையை மறுத்தார். அந்த நூல் 1840இல்தான் அச்சேறியது.

ஜெர்மானிய ரபி யாக்கோபு எம்டன் 1768இல் வெளியிட்ட 'மித்பகாத் செஃபாரிம்' இன்னும் கடுமையானது. இவர் கப்பாலா நம்பிக்கை உடையவர். தம்மை மீட்பர் என்று அறிவித்து, 1666இல் துருக்கிய சுல்தான் முன் இசுலாத்துக்கு மாறிய சப்பத்தாய் சேவியின் இரகசிய அடியார்களை எதிர்ப்பதே அவர் வாழ்நாள் வேலை. அவர்கள் ஸோஹரைத் தங்களுக்குச் சான்றாகக் காட்டியதால் நூலை வரிவரியாக ஆராயப் புகுந்தார். 2ஆம் நூற்றாண்டுக்குப் பொருந்தாத பலவற்றைக் கண்டார். எடுத்துக்காட்டாக, தொழுகைக்கூடத்துக்கு 'எஸ்னோகா' என்ற சொல் ஸோஹரில் வருகிறது. நூல் அதற்கு 'ஒளிரும் தீ' என்று எபிரேய வேர் காட்டி அழகாக விளக்கம் சொல்கிறது. ஆனால் அது ஸ்பெயின், போர்த்துகல் யூதர் தொழுகைக்கூடத்தைக் குறித்த பேச்சு வழக்கு. கலிலேயக் குகையில் அச்சொல் ஒலித்திருக்க முடியாது.

20ஆம் நூற்றாண்டில் கெர்ஷோம் ஷோலெம் (1897–1982) மொழியமைப்பையும் மூலங்களையும் ஆராய்ந்து, முதன்மைப் பகுதிகளை எழுதியவர் மோசே தெ லெயோனே என்ற முடிவுக்கு வந்தார். தனி ஒருவர் அல்லர், காஸ்திலில் இயங்கிய ஒரு குழுவின் ஆக்கம் என்று பின்னர் யெகூதா லீபெஸ் வாதிட்டார். ஷோலெம் பயன்படுத்திய படி 1873ஆம் ஆண்டு யூசெஃபோவ் பதிப்பு. பல்லாண்டுகள் அதன் ஓரங்களில் அவர் எழுதிய குறிப்புகள் அவ்வளவு முக்கியமானவை என்பதால், அந்தப் படியே 1992இல் எருசலேமில் நிழற்பதிப்பாக வெளியிடப்பட்டது.

நம்பிக்கையாளர்களிடையே இந்த ஆய்வுகளால் நூலின் மதிப்புக் குறையவில்லை. மொரோக்கோ யூதரிடையே பொருள் தெரியாவிட்டாலும் ஸோஹரை உரக்க ஓதுவதே புண்ணியம் என்ற வழக்கம் வேரூன்றியது. துனீசியாவின் ஜெர்பா தீவில்கூட அது அச்சாகியிருக்கிறது. பக்குவமற்றோர் கையில் அகப்படக் கூடாது என்று ஒரு காலத்தில் வாதிடப்பட்ட நூல், எளிய வணிகரும் கைவினைஞரும் மாலையில் கூடி ஓதும் நூலாயிற்று.

படிகளும் பக்க எண்களும்

முதற்பதிப்புப் படிகள் இன்று அரியவை. தேய்ந்த புனித நூலை எறியாமல் தனியே சேமித்துப் பின்னர் புதைப்பது யூத வழக்கம். அதிகம் ஓதப்பட்ட நூலே அதிகம் மண்ணுக்குள் போகும். இக்கால இத்தாலிய எபிரேய நூல்கள் பலவற்றின் கடைசித் தாளில் திருச்சபைத் தணிக்கையாளர் கையொப்பம் உண்டு. 1595 முதல் மாந்துவாவில் இப்பணியைச் செய்தவர்களுள் ஒருவர் தொமெனிக்கோ ஜெரோசோலிமித்தானோ, யூதராகப் பிறந்து மதம் மாறியவர். மை பூசி அழித்த வரிகள் நாளடைவில் மை மங்கி மீண்டும் தெரியத் தொடங்கும் பழைய நூல்களும் உண்டு.

மாந்துவா பதிப்பின் இம்மியளவும் தேயாத பகுதி அதன் பக்க எண்களே. எபிரேய நூல்களில் தாளுக்கு எண்ணிட்டு, அதன் இரு புறங்களையும் முதற்புறம், மறுபுறம் எனக் குறிப்பார்கள். ஆதியாகமத்தின் முதல் வசனத்துக்கான விளக்கம் தொடங்கும் இடம் மாந்துவா முதல் தொகுதியின் 15ஆம் தாள், முதற்புறம். பின்வந்த பதிப்புகளும் ஆய்வுகளும் அந்த இடத்தை அதே எண்ணால்தான் குறிக்கின்றன. 2004 முதல் 2017 வரை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 12 தொகுதிகளாக வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்புக்கு, முதல் ஒன்பது தொகுதிகளின் மொழிபெயர்ப்பாளர் தானியேல் மாட் கையெழுத்துப் படிகளைக் கொண்டு புதிய அரமேயப் பாடத்தை அமைத்துக்கொண்டார். மாந்துவாவில் அச்சான சொற்கள் பல இடங்களில் மாற்றப்பட்டன. மாந்துவா தாள் எண்கள் மட்டும் அப்படியே பக்கங்களில் நிற்கின்றன.